பரிசாகக் கொடுத்த கார்டே ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது; இந்த மே மாதம் என்ன கொடுக்கலாம்?

வலைக்கொட்டகை_மண்டபம் | ஏப்ரல் 19, இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்தில் எங்கள் வலைக்கொட்டகையில் சனி, ஞாயிறு சாயங்காலம் பசங்க போகிமான் கார்டு ஆடுவதைப் பற்றிப் போன வருஷம் இங்கே எழுதியிருந்தேன். இப்போது இருபத்திரண்டு பேர் ஆகிவிட்டார்கள். மூணாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை இருக்கிறார்கள். தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். பள்ளிக்கூடமும் லீவு. அதனால் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

சிக்கல் பரிசில்தான். போன மே மாதம் ஆளுக்கு 50 ரூபாய் போட்டு, சேர்ந்த பணத்தில் சாரிசார்ட் இஎக்ஸ் என்ற பலமான கார்டு ஒன்றும், அதைச் சீக்கிரம் களத்தில் இறக்க உதவும் ரேர் கேண்டி கார்டு இரண்டும் வாங்கி முதல் பரிசாகக் கொடுத்தோம். கைதட்டல் எல்லாம் பலமாகத்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஜெயித்த பையன் அந்தக் கார்டையே டெக்கில் (ஆடும் 60 கார்டுக் கட்டில்) செருகிக்கொண்டு வந்தான். 330 ஹெச்பி, அதாவது அவ்வளவு அடி விழுந்தால்தான் சாயும். மற்ற பசங்களுடைய டெக் எல்லாம் பெட்டிக்கடைப் பாக்கெட் நாலைந்து பிரித்துச் சேர்த்தது. யாராலும் அதைச் சாய்க்க முடியவில்லை. ஒரு மாதம் முழுக்க அவனே ஜெயித்தான். இரண்டாவது வாரமே மூன்று பேர் வரவில்லை. ஒருத்தனை பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் கேட்டேன். "அண்ணே, நாங்க காசு போட்டு வாங்கிக் குடுத்தத வச்சே எங்கள அடிக்கிறான்" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

பரிசு கார்டாகத்தான் இருக்க வேண்டும் என்று பசங்க பிடிவாதமாக இருக்கிறார்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வேண்டாமாம். எந்த மாதிரிக் கார்டு கொடுக்கலாம்?

சாவன்னா_கீழக்கரை | ஏப்ரல் 19, இரவு 10:20

காக்கா, தலைப்பைப் பார்த்துக் குழம்பிவிட்டேன். பிரைஸ் கார்டு என்றால் ஆட்டம் தொடங்கும்போது ஆறு கார்டைக் கவிழ்த்து வைத்து, எதிராளியின் போகிமானைச் சாய்க்கச் சாய்க்க எடுப்போமே, அதைச் சொல்கிறீர்களோ என்று நினைத்தேன். அது எப்படி ஆட்டத்தைக் கெடுக்கும் என்று இரண்டு தடவை படித்தேன்.

நீலச்சட்டை_நடுவர் | ஏப்ரல் 19, இரவு 11:05

இந்தக் குழப்பம் வெளியூர்களிலும் உண்டு. ஆட்டத்துக்குள் இருப்பதைப் பிரைஸ் என்றும், ஜெயித்தவருக்குக் கொடுப்பதைப் பரிசுக் கார்டு என்றும் வைத்துக்கொள்வோம். இந்தக் கதையில் இரண்டும் முட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. அந்த சாரிசார்ட் இஎக்ஸின் அடி 180. எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடும். அதாவது நீங்கள் ஜெயிக்க ஜெயிக்க அது இன்னும் பலமாக அடிக்கும். தோற்கிறவனுக்குக் கைகொடுக்க அமைத்த கார்டை, ஏற்கெனவே ஜெயித்தவன் கையில் கொடுத்துவிட்டீர்கள் அண்ணே.

நான் ராமநாதபுரம்தான், இப்போது சென்னையில் வேலை. வார இறுதிகளில் போட்டிகளுக்கு நடுவராகப் போவேன். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இதில் பேச நிறைய இருக்கிறது.

பழைய_கோலி | ஏப்ரல் 20, காலை 6:10

தொண்டியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, பேரனுக்காகத்தான் இந்தப் பக்கமே வருகிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் வியாதி எனக்குத் தெரியும். நாங்கள் கோலிக்குண்டு ஆடினோம், தீப்பெட்டிப் படம் வைத்து ஆடினோம். ஜெயித்தவன் தோற்றவனுடைய குண்டைக் கெலித்துக்கொண்டு போவான். மத்தியானத்துக்குள் தெருவின் குண்டு முழுக்க ஒருத்தன் டவுசர் பையில் இருக்கும். அப்புறம் ஆட ஆள் இருக்காது. அவனே வந்து ஆளுக்கு அஞ்சு குண்டு கடன் கொடுத்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவான். உங்கள் பையன் கடன் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நீலச்சட்டை_நடுவர் | ஏப்ரல் 20, காலை 11:40

பெரியவர் சொன்ன கெலிப்பு இந்த ஆட்டங்களின் தொடக்கத்திலேயே இருந்தது. 1993-ல் மேஜிக் என்ற கார்டு ஆட்டம் வந்தபோது விதிப் புத்தகத்திலேயே 'ஆன்டி' என்று ஒன்று இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் தங்கள் டெக்கிலிருந்து ஒரு கார்டைப் பணயமாக எடுத்து வைப்பார்கள், ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். ஆட்டக்காரர்களுக்கே அது பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய நல்ல கார்டை யார்தான் பணயம் வைப்பார்கள்? இப்போது அதிகாரபூர்வப் போட்டிகளில் ஆன்டியும் இல்லை, ஆன்டியைப் பற்றிப் பேசும் கார்டுகளுக்கும் தடை.

இனி மண்டபத்துப் பிரச்சினை. இதே தப்பைப் பெரிய கம்பெனியே பெரிய அளவில் செய்திருக்கிறது. யூ-கி-ஓ என்ற இன்னொரு கார்டு ஆட்டத்தில் 2000-களின் நடுவில் அமெரிக்காவில் ஷோனென் ஜம்ப் சாம்பியன்ஷிப் என்று ஒரு போட்டித் தொடர் நடந்தது. மேலிடம் பிடித்தவர்களுக்குப் பரிசு, வேறு எங்கும் கிடைக்காத ஒரு கார்டு. முதலில் சைபர்-ஸ்டைன். 8000 உயிர்ப்புள்ளியில் 5000-ஐக் கொடுத்துவிட்டு எந்த ஃப்யூஷன் அசுரனையும் (வழக்கமாகப் பல கார்டைச் சேர்த்தால்தான் வரும்) நேராகக் களத்தில் இறக்கலாம். ஒரே திருப்பத்தில், அதாவது தன் முறை ஒன்றிலேயே, ஆட்டத்தை முடிக்கிற டெக்கே அதை வைத்துக் கட்டினார்கள். பின்னால் வந்தது கிரஷ் கார்டு வைரஸ். 1000-க்குள் தாக்குபலம் உள்ள இருள் அசுரன் ஒன்றைப் பலி கொடுத்தால் போதும், எதிராளியின் களத்திலும் கையிலும் 1500-ஓ அதற்கு மேலோ தாக்குபலம் உள்ள அசுரன் எல்லாம் குப்பைக்குப் போகும். அதோடு விடாது, அடுத்த மூன்று திருப்பத்துக்கு அவர் எடுக்கும் கார்டையும் காட்ட வேண்டும். இவை எல்லாம் போட்டியில் ஆட அனுமதி உள்ள கார்டுகள். இருந்ததோ கொஞ்சமே கொஞ்சம். ஆக ஜெயித்தவர் அல்லது பெரும்பணம் உள்ளவர் கையில் மட்டும் அந்த ஆயுதம். கடைசியில் 2009 கோல்டு சீரிஸ் என்ற தொகுப்பில் கிரஷ் கார்டு வைரஸை மறுபதிப்பு போட்டார்கள், அதன் பிறகுதான் சாதாரண ஆட்டக்காரர் கைக்கு அது வந்தது. பரிசாக வாங்கியவர்களுக்கு அதில் மனத்தாங்கல், வாங்காதவர்களுக்குக் கொண்டாட்டம்.

எனவே என் முதல் ஆலோசனை: பரிசுக் கார்டு ஆட்டத்துக்குள் நுழையவே கூடாது. யூ-கி-ஓ உலகப் போட்டிப் பரிசுக் கார்டுகளைப் பாருங்கள். சிலவற்றில் 'இதன் அடியில் எதிராளி தோற்றால் மொத்த மேட்சும் உனக்கே' என்று அரசர் மாதிரி ஒரு சக்தி எழுதியிருக்கும். கீழேயே 'இந்தக் கார்டை ஆட்டத்தில் பயன்படுத்தக் கூடாது' என்றும் அச்சடித்திருக்கும்.

சாவன்னா_கீழக்கரை | ஏப்ரல் 20, மதியம் 1:15

ஆடவே முடியாத கார்டை வைத்துப் பையன் என்ன செய்வான்? நாக்கு வழிப்பானா? காக்கா, பசங்களுக்கு மதிப்புள்ள பொருளாகக் கொடுங்கள். என் அண்ணன் துபாயில் இருக்கிறான், ரம்ஜானுக்கு வந்தபோது கூட நாலு பெட்டி கொண்டு வந்தான். நல்ல விலைக்குப் போகும் கார்டு ஒன்றைச் சொல்லி வாங்கிவிடலாம். போட்டியில் ஜெயித்துக் கிடைத்த பிகாச்சு கார்டு ஒன்றைத்தான் அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 52 லட்சம் டாலருக்கு வாங்கினார். பரிசு என்றால் அப்படி இருக்கணும்.

நீலச்சட்டை_நடுவர் | ஏப்ரல் 20, மதியம் 2:02

விலை சரி, 2021-ல் 52,75,000 டாலர். ஆனால் அது சீட்டு ஆடி ஜெயித்தது இல்லை. பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர், 1997-98-ல் ஜப்பானில் கோரோகோரோ என்ற சிறுவர் இதழ் நடத்திய ஓவியப் போட்டிகளுக்கான பரிசு. படம் வரைந்து அனுப்பியவர்களில் தேர்வானவர்களுக்கு மொத்தம் 39 கார்டு கொடுத்ததாகக் கணக்கு, பிற்பாடு இன்னும் இரண்டு வெளியே வந்தன. வரைந்தவர் அட்சுகோ நிஷிதா. மற்ற கார்டில் 'டிரெய்னர்' என்று இருக்கும் இடத்தில் இதில் 'இல்லஸ்ட்ரேட்டர்' என்று இருக்கும். வாசகமும் ஆட்ட விதி இல்லை, உன் படம் சிறப்பாக இருந்தது என்று பாராட்டும் சான்றிதழ்தான்.

ஆடி ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது வேறு. 1997-ல் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் நடந்த முதல் அதிகாரபூர்வப் போட்டியில் நம்பர் 1, நம்பர் 2, நம்பர் 3 டிரெய்னர் என்று மூன்று கார்டு கொடுத்தார்கள். பிகாச்சு கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும். முதலிடத்துக்குத் தங்கம், அப்புறம் வெள்ளி, வெண்கலம். படம் மிட்சுஹிரோ அரிட்டா. முதல் தொகுப்பு சாரிசார்டை வரைந்ததும் அவர்தான். இன்னொன்று, 1999-ல் வட்டாரப் போட்டியில் ஜெயித்தவர்களுக்குக் கொடுத்த நம்பர் 1 டிரெய்னர் கார்டே அடுத்து நடக்கவிருந்த ரகசியப் போட்டிக்கு நுழைவுச்சீட்டு. நாக்கு வழிக்க மட்டும் இல்லை, வாசலில் காட்டவும் ஆகும்.

உப்புக்காற்று_ராமேஸ்வரம் | ஏப்ரல் 20, மாலை 4:30

விலையுள்ள கார்டு வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆறேழு வருஷமாகச் சேர்க்கிறேன். நம் ஊர்க் காற்று கார்டைச் சாப்பிடும்.

ஃபாயில் கார்டு என்பது காகிதத்தின் மேல் பளபள ஏடு ஒட்டியது. காகிதம் ஈரத்தைக் குடித்து விரியும், ஏடு விரியாது. அப்போது கார்டு படம் இருக்கும் பக்கமாக உள்வாங்கி வளையும். போன ஐப்பசி மழையில் மேசை மேல் விட்டுவிட்டுப் போன கார்டு, சாயங்காலம் வந்து பார்த்தால் காயப்போட்ட வாளைக் கருவாடு மாதிரி இரண்டு முனையும் தூக்கி நின்றது. விரலால் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை டக்கென்று எழுகிறது. ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) போட்டு 60 கார்டு அடுக்கில் வைத்தாலும் அந்த இடத்தில் கீற்றாக ஒரு இடைவெளி தெரியும். தெரிந்தவன் அந்த இடத்தில் அடுக்கைப் பிரித்து அந்தக் கார்டையே எடுத்துவிடுவான்.

பாம்பன் பழைய பாலம் 1914-லிருந்து துருவோடு போராடிய கதை நமக்குத் தெரியும். 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். இரும்புக்கே அந்தக் கதி. யூ-கி-ஓவில் 1999 டோக்கியோ போட்டிக்காகத் துருப்பிடிக்காத எஃகிலேயே ஒரு பிளாக் லஸ்டர் சோல்ஜர் கார்டு செய்தார்கள். அதைக்கூட நான் நம் கடற்கரையில் திறந்து வைக்க மாட்டேன், உப்பு பட்டால் எஃகிலும் புள்ளி விழும்.

கொடுப்பதானால் மூடி இறுகும் டப்பாவும் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் சேர்த்துக் கொடுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலமே போதும்.

அப்புறம் கோயில் தெருவில் சங்கு, சிப்பி மாலையோடு தொங்கும் தங்கக் கலர் போகிமான் கார்டைப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். அது பிளாஸ்டிக். வேறு ஊரில் ஒரு போட்டியில் எனக்கு அதையே 'அரிய தங்கக் கார்டு' என்று மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். வாங்கும்போது எனக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். இரண்டு பேரும் போட்டோவுக்குச் சிரித்தோம்.

தங்கச்சிமடம்_அம்மா | ஏப்ரல் 20, இரவு 8:45

தம்பி, வராமல் நின்றுபோன மூன்று பேரில் ஒருத்தன் என் மகன்.

அவன் காரணம் எதுவும் சொல்லவில்லை, 'போரடிக்குது' என்றான். டெக்கை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டான். இன்றைக்கு இதைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. முதலில் இவன் 'கார்டு ஆடப் போறேன்' என்றபோது அவன் அப்பா சத்தம் போட்டார், சீட்டாட்டம் என்று நினைத்துவிட்டார். நான் வேறு பக்கத்து வீட்டில் 'சனிக்கிழமை சீட்டுக்குப் போறான்' என்று சொல்லிவைக்க, அவர்கள் ஏலச்சீட்டா, குலுக்கல் சீட்டா, மாதம் எவ்வளவு என்று கேட்டார்கள். ஒருநாள் அப்பாவே கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விட்டார். பார்த்ததோடு நிற்கவில்லை. 'அந்தத் தண்ணிப் பாம்ப முன்னாடியே எறக்கியிருக்கணும்டா' என்று வீட்டுக்கு வந்து யோசனை சொல்கிறார்.

கேட்பது இதுதான். ஜெயித்த பிள்ளைக்குத்தான் பரிசு, சரி. முதல் இரண்டு ஆட்டம் தோற்ற பிள்ளை வெயிலில் சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வரும்போது கையில் என்ன இருக்கும்?

பரமக்குடி_கணக்கு | ஏப்ரல் 20, இரவு 9:30

ஒரு சின்னக் குறுக்கீடு. துபாய்க் கார்டு, லட்ச ரூபாய்க் கார்டு என்று பேசுகிறவர்கள் கவனத்துக்கு. வருமான வரிச் சட்டம் லாட்டரியோடு சேர்த்துச் சீட்டாட்டத்தையும் 'எந்த வகை ஆட்டத்தையும்' ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. வெற்றித் தொகைக்கு 30 சதவீதம். 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவரே பிடித்துக் கட்ட வேண்டும். பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டியாயிற்றா என்று பார்த்த பிறகுதான் பொருளையே கையில் கொடுக்கலாம். வலைக்கொட்டகைக்கு இந்தத் தலைவலி வேண்டாம். டிபன் பாக்ஸே மேல்.

சாவன்னா_கீழக்கரை | ஏப்ரல் 20, இரவு 9:41

யா அல்லாஹ். சரி, துபாய்க் கார்டு வேண்டாம்.

பழைய_கோலி | ஏப்ரல் 21, காலை 6:25

சுழற்கோப்பை மாதிரி வைத்தால் என்ன? இங்கே கபடிக்கும் கைப்பந்துக்கும் அதுதானே வழக்கம். நல்ல கார்டு ஒன்று, கண்ணாடிச் சட்டத்தில். ஜெயித்தவன் வீட்டில் ஒரு வருஷம். அடுத்த மே மாதம் திரும்பக் கொண்டுவர வேண்டும். பின்னால் பெயர் எழுதிக்கொண்டே போகலாம்.

வலைக்கொட்டகை_மண்டபம் | ஏப்ரல் 21, காலை 9:12

மாமா, யோசனை நல்ல யோசனை. ஆனால் நான் சின்ன வயசில் ஆடிய கைப்பந்துக் குழுவின் சுழற்கோப்பை ஒரு வருஷம் பக்கத்து ஊருக்குப் போனது. இன்றுவரை சுழன்றுகொண்டேதான் இருக்கிறது, எங்கள் பக்கம் வரவே இல்லை. கேட்கப் போனால் அந்தக் குழுவே கலைந்துவிட்டது, கோப்பை யாரோ ஒருத்தர் வீட்டில் பூச்சாடியாக இருக்கிறதாம்.

அக்கா, உங்கள் கேள்வி ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. தம்பியை இந்தச் சனிக்கிழமை அனுப்பிவையுங்கள். அந்த சாரிசார்ட் பையனிடமும் பேசினேன். அவன் மேல் தப்பு இல்லை, நாங்கள் கொடுத்ததை ஆடினான். 'மத்தவங்க யாரும் ஆட வர மாட்டேங்குறாங்கண்ணே' என்று அவனும் வருத்தமாகத்தான் இருக்கிறான்.

நீலச்சட்டை_நடுவர் | ஏப்ரல் 21, மதியம் 12:50

தங்கச்சிமடம் அக்கா கேட்டது சரியான கேள்வி, அதற்கு விடையும் உண்டு. முதலில் நாக்-அவுட்டாக வைக்காதீர்கள், ஸ்விஸ் முறையில் வையுங்கள். தோற்றாலும் யாரும் வெளியே போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கை ஜெயித்தவரோடு ஜோடி சேரும். 16 பேர் வரை 4 சுற்று, 22 பேர் என்றால் 5 சுற்று. முதல் இரண்டைத் தோற்ற பிள்ளை மூன்றாவதில் தன்னைப் போலவே இரண்டு தோற்ற பிள்ளையோடு ஆடும், பெரும்பாலும் இரண்டில் ஒன்று ஜெயித்துவிடும்.

பரிசு விஷயத்தில் போகிமான்காரர்கள் இப்போது செய்வது எனக்குப் பிடிக்கும். கடைகளில் நடக்கும் போட்டிகளுக்குப் பிரைஸ் பாக்கெட் என்று கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது ஏற்கெனவே வந்த கார்டுகள்தான், ஒரு ஓரத்தில் 'ப்ளே! போகிமான்' முத்திரை மட்டும் கூடுதல். ஆட்டத்தில் அதற்கு ஒரு புள்ளி பலம்கூட அதிகம் கிடையாது. முத்திரை இல்லாத கார்டை வைத்திருப்பவனும் அதே ஆட்டத்தை ஆடலாம். பெரிய போட்டிகளிலும் கலந்துகொண்டவருக்கு ஒரு முத்திரை, பணியாளருக்கு 'ஸ்டாஃப்' முத்திரை, சாம்பியனுக்கு வேறு முத்திரை என்று ஒரே படத்தில் தருவதுண்டு. வித்தியாசம் முத்திரையில்தான், பலத்தில் இல்லை.

மேஜிக்கில் இன்னும் அழகான ஒன்று இருந்தது. இன்விடேஷனல் என்று ஒரு போட்டி. அதில் ஜெயித்தவருக்கு ஒரு கார்டை வடிவமைக்கும் உரிமை, கார்டுப் படத்தில் அவர் முகமே வரும். ஜான் ஃபிங்கல் ஷேடோமேஜ் இன்ஃபில்ட்ரேட்டர் ஆனார், பாப் மாஹர் டார்க் கான்ஃபிடன்ட் ஆனார். டார்க் கான்ஃபிடன்டை உலகம் முழுக்க வருஷக்கணக்கில் ஆடினார்கள். பெருமை மாஹருக்கு, கார்டு ஊருக்கு. ஒரே ஒருவருக்கு ஒரே ஒரு கார்டு என்பதும் மேஜிக்கில் நடந்தது. 1996 உலக சாம்பியன் டாம் சான்ஃபெங்குக்கு '1996 வேர்ல்டு சாம்பியன்' என்ற கார்டு, உலகத்திலேயே ஒன்றே ஒன்று, கோப்பைக்குள்ளேயே பதித்துக் கொடுத்தார்கள். அவர் டெக் பட்டியலில் நாலு நிலக் கார்டை (மற்ற கார்டை ஆடச் சக்தி தருபவை) எழுத மறந்து, அதற்குப் பதில் சாதா நிலத்தைப் போட்டு ஆடியே அதை ஜெயித்தார். உங்கள் பசங்களிடம் இதைச் சொல்லிவையுங்கள், டெக் பட்டியலை ஒழுங்காக எழுதுவார்கள்.

அக்கா எழுதியதில் இன்னொன்றும் மனதில் நின்றது, 'தண்ணிப் பாம்பு' என்று யோசனை சொல்லும் அப்பா. 1998 மே மாதம் ஜப்பானில் பெற்றோர்-பிள்ளை போட்டி ஒன்று நடந்தது. அப்பாவோ அம்மாவோ ஒருவர், பிள்ளை ஒருவர், ஜோடியாக ஆட வேண்டும். வைத்த கணக்குக்கு ஜெயித்த ஜோடிக்குக் கொடுத்த பரிசுக் கார்டு எது தெரியுமா? கங்காஸ்கான். வயிற்றுப் பையில் குட்டியை வைத்திருக்குமே, அதுதான். தடைக்காலத்தில் அப்பாக்கள் கரையில்தானே இருக்கிறார்கள்?

சாவன்னா_கீழக்கரை | ஏப்ரல் 21, மதியம் 1:30

இது அடி. ஆனால் எங்கள் பக்கம் வாப்பாக்கள் எல்லாம் துபாயிலும் மலேசியாவிலும். மாமாவையோ லாத்தாவையோ (அக்காவை) கூட்டிவர அனுமதி வேண்டும்.

தங்கச்சிமடம்_அம்மா | ஏப்ரல் 21, மதியம் 2:40

எல்லாருடைய அப்பாவும் கரையில் இருப்பதில்லை தம்பி. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அவர்கள் கடலுக்குப் போவார்கள். சில பிள்ளைகளுக்கு அப்பாவே இல்லை. 'வீட்டுப் பெரியவர் யாராவது' என்று போடுங்கள். ஆச்சி வந்தாலும் வரட்டும்.

உப்புக்காற்று_ராமேஸ்வரம் | ஏப்ரல் 21, மாலை 5:05

கார்டை நாமே அச்சடித்தால் என்ன? பசங்களுக்கு ஓவியப் போட்டி வைத்து, தேர்வான படத்தைப் பரிசுக் கார்டில் போடலாம். நடுவர் சொன்ன இல்லஸ்ட்ரேட்டர் கதையையும் டிரெய்னர் கதையையும் ஒன்றாக்கிய மாதிரி.

நீலச்சட்டை_நடுவர் | ஏப்ரல் 21, மாலை 6:20

தாராளமாக. இரண்டு நிபந்தனை. பின்பக்கம் போகிமான் நீலத்தைக் காப்பியடிக்காதீர்கள். கம்பெனியே உலகப் போட்டியில் ஜெயித்தவர்களின் டெக்கை அச்சிட்டு விற்கும்போது பின்பக்கத்தை மாற்றித்தான் அச்சிடுகிறது, அசலோடு கலந்து ஆடிவிடக் கூடாது என்று. இரண்டாவது, போகிமான் பெயரோ உருவமோ முன்பக்கத்தில் வேண்டாம். உங்கள் கடலில் இல்லாத பிராணியா?

அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர். யூ-கி-ஓ அளவு இதைவிடச் சிறிது, 59-க்கு 86. அந்த அளவில் அடித்தால் ஸ்லீவ் பொருந்தாது. விசிட்டிங் கார்டு அடிக்கும் பிரஸ்ஸில் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில் அடிக்கச் சொல்லுங்கள். ஃபாயில் வேண்டாம், காரணம் மேலே கருவாட்டுக்காரர் எழுதியிருக்கிறார்.

வலைக்கொட்டகை_மண்டபம் | ஏப்ரல் 26, இரவு 10:15

ஒரு வாரம் ஆளைக் காணோமே என்று நினைத்திருப்பீர்கள். பசங்களை உட்காரவைத்துப் பேசினேன், பேசி முடிக்க இரண்டு சனிக்கிழமைச் சண்டை ஒரே நாளில் நடந்தது.

முடிவானது இது. மே மூன்றாம் ஞாயிறு. காலையில் பசங்க மட்டும், ஸ்விஸ் முறையில் 5 சுற்று, சுற்றுக்கு அரை மணி நேரம். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஜோடி ஆட்டம், பிள்ளையோடு வீட்டுப் பெரியவர் யாராவது. நுழைவுப் பணம் அதே 50. அதில் பாதிக்குப் பாக்கெட் வாங்கி, கடைசிச் சுற்று வரை உட்கார்ந்த எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று. மீதி அச்சுக் கூலிக்கும் மதியத் தக்காளிச் சாதத்துக்கும். எங்கள் கொட்டகையின் பரிசுக் கார்டு ஒரே படம், மூன்று முத்திரை: ஆட வந்தவருக்கு நங்கூரம், ஜோடி ஆட்டத்தில் மூன்று ஜெயித்தவர்களுக்கு இரட்டைத் துடுப்பு, முதலிடத்துக்குப் பாய்மரம். பாய்மரம் வைத்திருப்பவர்தான் அடுத்த வருஷம் முதல் சுற்று ஜோடிகளைக் குலுக்கி எடுப்பார். அதைத் தவிர அந்தக் கார்டுக்கு ஒரு பலமும் இல்லை. இந்தக் குலுக்கல் யோசனை சாரிசார்ட் பையனுடையது. அவன் தன் சாரிசார்டை மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொட்டகை டப்பாவில் போட்டுவிடுகிறானாம், யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். பழைய கோலி மாமா சொன்ன குண்டுக் கடன் கதையை நான் சொன்னது உண்மைதான்.

படம் யாருடையது என்பதில்தான் பெரிய சண்டை. சுறாவுக்கு ஏழு ஓட்டு, ஆவுளியாவுக்கு (கடல் பசு) எட்டு. ஆவுளியாவை வரைந்தது நம் தங்கச்சிமடம் தம்பி.

தங்கச்சிமடம்_அம்மா | ஏப்ரல் 27, காலை 7:30

நேற்று வந்ததிலிருந்து அழித்து அழித்து வரைகிறான். கடல் பசு என்று எல்லாரும் சொல்வதால் முதலில் கொம்பு வைத்துவிட்டான். அவன் அப்பா பார்த்துவிட்டு, 'கடல்ல எத்தன தடவ பாத்திருக்கேன், எதுக்குடா கொம்பு?' என்று பென்சிலைப் பிடுங்கி மூக்கையும் வாலையும் அவரே போட்டார். இப்போது படத்தில் யார் பெயர் போடுவது என்று வீட்டில் பஞ்சாயத்து. மத்தியான ஜோடி ஆட்டத்துக்கும் இரண்டு பேரும் பெயர் கொடுத்தாயிற்று.

பழைய_கோலி | ஏப்ரல் 27, காலை 8:05

பேரனும் நானும் வருகிறோம். தொண்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் எத்தனை மணிக்கு மண்டபம் வரும்? விதியைச் சுருக்கமாக யாராவது எழுதிப் போடவும், எழுத்து பெரியதாக இருக்கட்டும்.

வலைக்கொட்டகை_மண்டபம் | ஏப்ரல் 27, காலை 9:20

மாமா, முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் வந்து மாறிவிடுங்கள், தாமதமானாலும் காலைச் சுற்றை உங்களுக்காகக் கொஞ்சம் தள்ளித் தொடங்குகிறேன். விதியை இன்றைக்கு ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

பிரஸ்காரர் கார்டை வெட்டித் தருவார், மூலையை வளைத்துத் தர மெஷின் இல்லையாம். கூர் மூலையாக இருந்தால் ஸ்லீவைக் கிழிக்கிறது. மூலை வளைக்கும் பஞ்சிங் யாரிடமாவது இருக்கிறதா? மொத்தம் 60 கார்டு, 240 மூலை.

சாவன்னா_கீழக்கரை | ஏப்ரல் 27, காலை 9:34

லாத்தாவிடம் இருக்கிறது காக்கா, கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கொண்டுவருகிறேன். கைப்பிடி கொஞ்சம் இறுகியிருக்கிறது, தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு எடுத்து வையுங்கள்.